திரைக்கு அப்பால் ஓர் உஸ்தாத்

நம் ஊர்களுக்குப் புதிதாக வரும் ஆலிம் ஒருவரிடம் பெரியவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "எங்கே ஓதினீர்கள்? யாரிடம் ஓதினீர்கள்?" என்பதாகும். என்னென்ன கிதாபுகள் ஓதினீர்கள் என்ற விசாரணை அதற்குப் பிறகே வரும். வேலூர் பாக்கியாத் என்றோ, உமராபாத் தாருஸ்ஸலாம் என்றோ, இன்ன ஹஸ்ரத்திடம் என்றோ விடை வந்தவுடன் கேட்டவர் முகத்தில் ஒரு தெளிவு பிறக்கும். "அவரா? அவர் எங்கள் மாமாவுக்கும் உஸ்தாதாயிற்றே!" என்று உறவு கொண்டாடவும் தொடங்கிவிடுவார். கல்வியை ஒரு மனிதர் இன்னொரு மனிதர் கையில் ஒப்படைக்கும் அமானிதமாக எண்ணிய ஒரு சமுதாயத்தின் கேள்வி அது.

இன்று அதே கேள்வியை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்டால், "கைப்பேசியில்தான் ஓதுகிறேன்" என்று விடை வருகிறது. ஒரு வீட்டில் உஸ்தாத் கெய்ரோவில் இருக்கிறார். அடுத்த வீட்டில் மலப்புறத்தில் இருக்கிறார். மூன்றாம் வீட்டில் உஸ்தாத் என்று ஒருவர் இல்லவே இல்லை, பதிவு செய்யப்பட்ட பாடங்கள் மட்டுமே உள்ளன. பள்ளிக் கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும்கூட இவ்வாறே வீட்டுக்குள் வந்து சேர்கின்றன. இதைக் கண்டு முகம் சுளிக்கும் முதியவர்களும் உள்ளனர்; "இனி மத்ரஸா எதற்கு, பள்ளிக்கூடந்தான் எதற்கு?" என்னும் இளைஞர்களும் உள்ளனர். இணையவழிக் கல்வி பயன் தருமா, தராதா என்பதிலேயே இரு சாராரும் முட்டிக்கொள்கின்றனர். பயன் தருகிறது, அதில் நமக்கு ஐயமில்லை. நம்மை உறுத்துவது பெரியவர்களின் அந்தப் பழைய கேள்விதான். இவ்வாறு கற்றவன் யாருடைய மாணவன்? அவனுக்குக் கற்பித்தவர் அவன் பொருட்டு எதற்குப் பொறுப்பாளி?

இக்கேள்வியை நாம்தான் முதன்முதலில் எதிர்கொள்கிறோம் என்று எண்ண வேண்டியதில்லை. ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் இல்லாதபோது கல்வி எவ்வாறு கைமாறும், அவ்வாறு கைமாறியதற்கு என்ன மதிப்பு என்பதை ஹதீஸ் கலை அறிஞர்களைப் போல் நுணுகி ஆராய்ந்தவர்கள் உலகில் வேறு எவரேனும் இருப்பரோ என்பது ஐயமே.

ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் பயணம் நம்மில் பலரும் கேட்டறிந்த செய்தி. ஒரே ஒரு நபிமொழிக்காக அவர்கள் ஓர் ஒட்டகத்தை விலைக்கு வாங்கி, ஒரு மாத காலம் வழிநடந்து, ஷாம் நாட்டில் இருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களின் வீட்டு வாயிலை அடைந்தார்கள். இதில் ஊன்றி நோக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த நபிமொழி பற்றிய செய்தி ஜாபிர் (ரலி) அவர்களுக்கு முன்னரே எட்டியிருந்தது. எட்டிய பிறகும் அவர்கள் புறப்பட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்து நேரில் கேட்ட செவியையும், அதைத் தாங்கி வந்த வாயையும் தேடிச் சென்றார்கள். செய்தி எட்டிவிட்டால் போதும் என்று அவர்கள் கருதியிருந்தால் ஒட்டகத்திற்குத் தேவை இருந்திராது.

இதை வைத்துக்கொண்டு, நேரில் சென்று கேட்டால் ஒழியக் கல்வியே இல்லை என்று தீர்ப்புக் கூறிவிடலாமா? முன்னோர் அப்படிக் கூறவில்லை. டமாஸ்கஸ் நகரின் அஷ்ரஃபிய்யா ஹதீஸ் கல்விக்கூடத்தில் பாடம் நடத்தி, ஹிஜ்ரி 643-இல் (கி.பி. 1245) மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தம்முடைய 'முகத்திமா'வில், கல்வியைப் பெறும் வழிகளை எட்டாக வகுத்துள்ளார்கள். (அந்நூலையே அவர்கள் மாணவர் கூட்டத்தில் சிறுகச் சிறுகச் சொல்லி எழுதவைத்தார்கள் என்பது ஒரு சுவையான செய்தி.) ஆசிரியர் வாயால் சொல்ல மாணவன் கேட்பது 'ஸமாஃ'. மாணவன் ஓத ஆசிரியர் கேட்டிருப்பது 'கிராஅத்' அல்லது 'அர்ள்'. அடுத்து, அறிவிப்பதற்கு அனுமதி தரும் 'இஜாஸத்'. அதற்குப் பின் நூலையே கையில் கொடுக்கும் 'முனாவலத்'. தொலைவில் இருப்பவனுக்குத் தம் கைப்பட எழுதி அனுப்பும் 'கிதாபத்'. இன்ன நூல் தாம் கேட்டறிந்தது என அறிவிப்பதும், இறக்கும் தறுவாயில் நூலை ஒருவருக்கு வஸிய்யத் செய்து செல்வதும் அதன்பின் வரும். கடைசியில் நிற்பது 'விஜாதத்': ஆசிரியரைக் காணாமல், அவரிடம் அனுமதியும் பெறாமல், அவர் கையெழுத்தில் உள்ள நூலொன்றைக் கண்டெடுத்துப் படிப்பது.

எட்டாவது வழியும் வழிதான் என்பதை நாம் மறக்கலாகாது. அதனைக் கொண்டு பயன்பெறுவதை அறிஞர் பலரும் தடுத்தாரில்லை. பிற்காலத்தில் முன்னைய நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறுவது அரிதாகிவிட்டதால் கண்டெடுத்த நூலின்படி ஒழுகுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதை இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள். ஆயின் ஒன்றில் மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வாறு படித்தவன், "இன்னார் எனக்கு அறிவித்தார்" என்று சொல்லக்கூடாது. "இன்னாரின் கையெழுத்தில் கண்டேன்" என்றே சொல்ல வேண்டும். பயன் கொள்வதில் தாராளம், உரிமை பாராட்டுவதில் கண்டிப்பு! நம் காலத்திற்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோலை நாம் கண்டோமில்லை. முப்பதே நாளில் தஜ்வீத், அறுபது நாளில் ஸனது என்றெல்லாம் இன்று கூவி விற்போரை இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்த்தால், அவர்கள் பாடம் விற்பதில் குற்றமில்லை, சொல்லை விற்பதில்தான் குற்றம் என்பது விளங்கும்.

இனித் திரைக்கு வருவோம். தமிழில் சீலைக்கும் கண்ணாடிப் பலகைக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயலே ஆகலாம். நமக்கு அது வசதியாகிவிட்டது. ஆசிரியர் திரைக்குப் பின்னால் இருந்து சொல்ல, முகம் காணாமல் மாணவன் கேட்டால் அது கேட்டதாகுமா என்பது பழைய விவாதம். பெரும் ஹதீஸ் மேதையான ஷுஅபா (ரஹ்) அவர்கள் ஆகாது என்றார்கள். முகம் தெரியாதபோது பேசுவது அவருருவில் வந்த ஷைத்தானாகவும் இருக்கலாமே என்பது அவர்கள் அச்சம். இந்த அச்சத்தைச் சென்ற தலைமுறை கேட்டிருந்தால் சிரித்திருக்கும். ஆனால், ஒருவருடைய முகத்தையும் குரலையும் இயந்திரமே போலியாகச் செய்து காட்டும் இக்காலத்தில் நம்மால் சிரிக்க முடியவில்லை.

எனினும் பெரும்பாலோர் ஷுஅபா (ரஹ்) அவர்களின் கருத்தை ஏற்கவில்லை. நாயகத்தின் துணைவியர் திரைக்குப் பின்னிருந்தே கற்பித்தனர்; ஆயிஷா நாயகி (ரலி) அவர்களிடம் அவ்வாறு கேட்டவர்கள் அக்கல்வியைத் தயக்கமின்றி அறிவித்தனர். ரமலான் இரவின் இருளில் மக்கள் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பாங்கொலியைக் கொண்டே உண்பதை நிறுத்தினர். சொல்பவர் முகத்தை யாரும் தேடவில்லை, குரலை அறிந்திருந்தனர். குரல் இன்னாருடையது என்று உறுதியாகத் தெரிந்தால் திரை தடையன்று என்பது முடிவாயிற்று. ஆகவே, நேரலையில் திரை வழியே நம் பிள்ளைக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் உண்மையிலேயே உஸ்தாத்தான். அவரை அறிந்து, அவர் ஓதிய இடத்தை விசாரித்து, அவரிடம் பிள்ளையை ஒப்படைத்தோமானால், அப்பிள்ளை அவருடைய மாணவன் என்பதில் தடையேதும் இல்லை.

பதிவு செய்யப்பட்ட பாடத்தின் நிலை வேறு. அதில் ஆசிரியரின் குரல் உண்டு. ஆகவே அது கண்டெடுத்த ஏட்டைவிட மேலானது. எப்படி மேலானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் பாயினால் மறைப்பு அமைத்துக்கொண்டார்கள் என்பது ஒரு செய்தி. அதில் வரும் 'இஹ்தஜர' என்ற சொல்லை இப்னு லஹீஆ என்பவர் 'இஹ்தஜம' என்று அறிவித்துவிட்டார். ஓரெழுத்துதான் மாறியது, மறைப்பு அமைத்தது போய், பள்ளிவாசலில் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டார்கள் என்று பொருளாகிவிட்டது! அவர் ஆசிரியர் வாயால் கேளாமல் ஏட்டிலிருந்து எடுத்ததே காரணம் என்கிறார்கள் அறிஞர்கள். ஏட்டிலிருந்து மட்டும் கற்பவரை 'ஸஹஃபீ' என்று பெயரிட்டு எட்டியே வைத்தார்கள். பதிவில் குரல் இருப்பதால் இத்தகைய விபத்து நேராது. அந்த அளவில் அது ஸமாஃவை ஒத்திருக்கிறது.

அது தர இயலாதது இரண்டாம் வழியாகிய அர்ள். பதிவு பேசும், கேட்காது. நம் பிள்ளை 'ளாத்' என்னும் எழுத்தை 'தால்' ஆக்கி நூறு முறை ஓதினாலும் அது முகம் மாறாமல் அடுத்த ஆயத்திற்குச் சென்றுவிடும். ஓதுவதில் கேட்பதற்கு எவ்வளவு இடமுண்டோ, ஓதிக்காட்டுவதற்கும் அவ்வளவு இடமுண்டு. ஆண்டுதோறும் ரமலானில் நாயகம் (ஸல்) அவர்களும் ஜிப்ரீல் (அலை) அவர்களும் திருக்குர்ஆனை ஓதிச் சரிபார்த்து வந்தார்கள் என்பதும், இறுதியாண்டில் அது இருமுறை நிகழ்ந்தது என்பதும் நாம் அறிந்தவை. வஹீயைச் சுமந்து வந்தவரிடமிருந்து பெற்றவர்களுக்கே ஓதிச் சரிபார்த்தல் இருந்தது. அவர்களுக்கு இருந்தது நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

நேரலை வகுப்பில் உஸ்தாத் கேட்கிறார். ஆயினும் எதைக் கேட்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பழைய தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே கடத்திற்று. ஸீன், ஸே, ஃபே போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் சீறொலியின் பெரும்பகுதி அதற்கு மேலே உள்ளது. தொலைபேசியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது நாம் திரும்பத் திரும்பக் கத்த நேர்ந்ததற்குக் காரணம் இதுவே. இன்றைய இணைய அழைப்புகளின் ஒலிவீச்சு அதனினும் அகலமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் இணைப்பு மெலியும்போது முதலில் தேய்வது அந்த நுண்ணொலிகளே. 'ஸாத்'துக்கும் 'ஸீன்'னுக்கும் உள்ள வேறுபாட்டைக் கெய்ரோவில் இருப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாவின் ஓரம் கடைவாய்ப் பல்லில் படுகிறதா என்று எட்டிப் பார்க்க அவரால் முடியாது. அடுத்த தெருவில் இருக்கும் லெப்பையால் முடியும்.

இங்கேதான் முன்னோர் வழக்கில் இருந்த இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். பாக்தாத் போன்ற நகரங்களில் ஹதீஸ் சபைகளுக்குப் பல்லாயிரவர் திரண்டனர் என்கின்றன வரலாறுகள். ஒலிபெருக்கி இல்லாத காலம். ஆசிரியர் சொல்வதைக் கேட்டு, உரத்த குரலில் பின்வரிசைகளுக்கு எடுத்துரைக்க ஆட்கள் நிறுத்தப்பட்டனர். அவர்களுக்கு 'முஸ்தம்லீ' என்று பெயர். முஸ்தம்லீயிடம் கேட்டவன் ஆசிரியரிடமே கேட்டதாகச் சொல்லலாமா என்று அதையும் விவாதித்தார்கள்! நமக்கு வேண்டியது, ஆசிரியரின் எட்டாத குரலுக்கும் மாணவனின் செவிக்கும் நடுவே நின்ற அம்மனிதர்தான். தொலைவில் உள்ள பேராசிரியர் எவ்வளவு பெரியவராயினும், பக்கத்தில் ஒரு முஸ்தம்லீ இருந்தால்தான் பாடம் இறங்குகிறது என்பதை நம் காலத்து நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2012-இல் மின்சுற்றுப் பாடம் ஒன்றை உலகத்தார் அனைவருக்கும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. ஏறத்தாழ 1,55,000 பேர் பெயர் பதிந்தனர். முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். இருபதில் ஒருவர்கூட இல்லை! முழு மதிப்பெண் பெற்ற சிலரில் மங்கோலியத் தலைநகர் உலான்பாதரைச் சேர்ந்த பட்டுஷிக் என்னும் பதினைந்து வயது மாணவனும் ஒருவன். உலகமே வியந்து பேசிற்று. பாலைவன நாட்டுச் சிறுவன் தானாகவே கற்றுக்கொண்டான் என்று இணையத்தின் புகழ் பாடிற்று. நடந்தது அதுவன்று. அவன் பள்ளியின் தலைமையாசிரியர் அதே கழகத்தில் பயின்று திரும்பியவர். தம் மாணவர் சிலரை ஒன்றுகூட்டி அப்பாடத்தைப் படிக்கவைத்தார். அமெரிக்காவிலிருந்து பொறியியல் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கருவிப் பெட்டிகளுடன் அங்கே வந்து சில வாரங்கள் தங்கி, அப்பிள்ளைகள் கையால் சுற்றுகளை அமைக்கச் செய்தார். பாடம் கடல் கடந்து வந்தது உண்மை. அதைப் பிள்ளையின் கையில் சேர்த்தவர்கள் அந்த அறையில் இருந்த இருவர்.

நம் நாட்டில் நடந்ததையும் பார்ப்போம். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் மூடப்பட்ட பள்ளிகளில் தமிழகத்தின் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. மத்ரஸாக்களும் மூடிக் கிடந்தன. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்றிருந்த கல்வித் தொலைக்காட்சி அக்காலத்தில் பாடங்களை ஒளிபரப்பிற்று. இந்தியச் சிற்றூர்களில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் திறன்பேசி வைத்திருந்தோர் 2018-இல் நூற்றுக்கு 36.5, 2020-இல் 61.8 ஆயினர் என்கிறது 'அசர்' கணக்கெடுப்பு. கடன்பட்டும் வாங்கினார்கள். அவ்வளவு செய்தும் விளைவு என்ன? தமிழகச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஓர் ஆய்வு, 2021 டிசம்பரில் மொழியிலும், அதைவிட மிகுதியாகக் கணக்கிலும், பிள்ளைகள் பெரிதும் பின்தங்கியிருந்ததைக் கண்டது. பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கப்பெற்ற 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்ததாகவும் அதே ஆய்வு மதிப்பிட்டது. மாலை வேளையில் தெருத் திண்ணையிலும் வீட்டு முற்றத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பேரறிஞர்கள் அல்லர். முஸ்தம்லீகள்.

இதனால் இணையத்தைப் பழிக்க வேண்டியதில்லை. அது வந்திராவிட்டால் கல்வியே எட்டியிராத இடங்கள் பல. வளைகுடாவின் தொழிற்குடியிருப்பில் இருப்பவனுக்கும், ஊருக்கு ஒரே முஸ்லிம் குடும்பமாக வாழ்பவர்களுக்கும், நோயினால் படுக்கையில் கிடக்கும் பிள்ளைக்கும் மக்தப் எங்கே இருக்கிறது? சிறப்பாக நம் பெண்களைச் சொல்ல வேண்டும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இல்லங்களுக்குள் இருந்த பெண்கள் மார்க்கச் சட்டங்களை அறிந்தது பெரிதும் அரபுத் தமிழ் நூல்களைக் கொண்டே. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற நூல்கள் உஸ்தாத் நுழைய முடியாத அறைக்குள் நுழைந்தன. பழைய கல்விமுறைக்குத் துணையாக வந்த அன்றைய புதிய கருவி அரபு எழுத்தில் அச்சான தமிழ் என்று சொன்னால் தவறாகாது. இன்று அந்த அறைக்குள் கைப்பேசி நுழைந்திருக்கிறது. அதில் ஃபிக்ஹும் வருகிறது, பொறியியலும் வருகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பை 2020-இல் தொடங்கிற்று. பாடம் வீட்டில், தேர்வு மட்டும் நேரில், தேர்வு மையத்தில்.

ஆனால் இங்கே ஓர் ஆபத்தையும் நாம் சொல்லாமல் விடுவதற்கில்லை. "எல்லாம் வீட்டிலேயே வந்துவிட்டதே, கல்லூரிக்கு எதற்கம்மா?" என்று பெண் பிள்ளையிடம் சொல்லும் வாப்பாக்கள் சிலர் உண்டு. கல்லூரிக்குப் போக இயலாத பெண்ணுக்குக் கதவாக வந்த ஒன்றை, போக இயன்ற பெண்ணுக்குத் தாழ்ப்பாளாக மாற்றுவது என்ன நியாயம்? தம் மகனை வெளியூர் விடுதிக்கு அனுப்பிவிட்டு மகளுக்குக் கைப்பேசியைக் கொடுப்பவர், இணையவழிக் கல்வி நேர்வழிக் கல்விக்கு இணை என்று நம்பிக் கொடுக்கவில்லை. இணையன்று என்று அறிந்தே கொடுக்கிறார். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்கா நகரில் ஸஹீஹுல் புகாரியை ஓதிக்கொடுத்த கரீமா அம்மையார் (ரஹ்) அவர்களை அந்த வாப்பாக்கள் நினைத்துப் பார்க்கட்டும். கதீப் பாக்தாதீ போன்ற பேரறிஞர்கள் அந்த அம்மையாரிடம் சென்று ஓதினார்கள். மாணவர்கள் எடுத்த படியைத் தம் மூலப் பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதில் அம்மையார் கண்டிப்பானவர். மர்வ் நாட்டு வழிவந்த ஒரு பெண் மக்காவில் அந்த இடத்தை அடைந்தது வீட்டுத் திண்ணையில் அமர்ந்தவாறு அன்று.

இனி, இவ்விவாதத்தில் பலரும் பேசாமல் விடும் ஒருவரைப் பற்றிப் பேசியாக வேண்டும். அவர் நம் மஹல்லா மக்தபின் உஸ்தாத். அதிகாலையிலும் மஃரிபுக்குப் பின்னும் ரெஹால்களை வரிசையாக வைத்து அலிஃப், பே சொல்லிக்கொடுப்பவர். அவருக்கு ஜமாஅத் கொடுக்கும் சம்பளம் எவ்வளவு என்பது அவரவர் ஊருக்குத் தெரியும். அதை இங்கே எழுதி நாம் எவரையும் தலைகுனியச் செய்ய விரும்பவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிநாட்டு உஸ்தாதிடம் இணையத்தில் ஓதப் போய்விடுகின்றனர். மக்தபில் எஞ்சுவோர் ஏழைப் பிள்ளைகள். பிள்ளைகள் குறைய, மாதச் சந்தாவும் குறைகிறது. "என் பிள்ளை அங்கே ஓதவில்லையே, நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்டால் கணக்குப்படி அவர் கேட்பது சரியே. கணக்கில் சரியாக இருப்பதெல்லாம் நீதியாகிவிடுமா?

அந்த உஸ்தாத் ஓதிக்கொடுப்பதை மட்டும் செய்யவில்லை. எந்தப் பிள்ளை காலையில் வெறும் வயிற்றோடு வந்தது என்பது அவருக்குத் தெரியும். எந்தப் பிள்ளை உளூச் செய்யும்போது முழங்கையை நனைக்காமல் விடுகிறது என்பதும், எவன் நான்கு நாளாகச் சிரிக்கவில்லை என்பதும் தெரியும். திரையில் தெரியும் பிள்ளைக்குத் தோளுக்குக் கீழே உடம்பே இல்லை. ஒரு ஊரின் பணக்காரப் பிள்ளையும் மீன்காரர் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே ஸபக்கை ஓதிய இடமும் அந்த மக்தப்தான். அந்தப் பாயிலிருந்து நம் பிள்ளையை எழுப்பி அழைத்துக்கொண்டு போவதால் நம் பிள்ளைக்குத் தஜ்வீதில் கிடைப்பது கொஞ்சம். அங்கே விட்டு வருவது அதனினும் மிகுதி என்பது நம் கருத்து. மாற்றுக் கருத்துடையோர் இருப்பர். அவர்களும் ஒன்றை ஒப்புவர்: தம் பிள்ளை எங்கே ஓதினாலும் மஹல்லா உஸ்தாதின் பங்கை நிறுத்தாமல் கொடுத்து வருவதற்குத் தடையொன்றும் இல்லை.

இணையத்தில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்கும் நியாயம் வேண்டும். பல நாட்டு ஹாஃபிழ்களை வேலைக்கு அமர்த்தி நிறுவனங்கள் நடத்துகின்றன. நாம் செலுத்தும் கட்டணத்தில் அவர் கைக்குச் செல்வது எத்தனை பங்கு என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. காய்கறிக்காரரிடம் எடை கேட்பவர்கள் இதையும் கேட்கலாம். மேலும், பாடம் தொடங்கும் நேரத்தில் அவருக்கு ஸலாம் சொல்லாமல், பின்னால் தொலைக்காட்சி ஓட, பிள்ளை தின்பண்டம் தின்றுகொண்டே ஓதுகிறது என்றால், குறை கருவியுடையதன்று, வீட்டாருடையது.

திரையை மக்தபுக்குள்ளேயே கொண்டுவந்தால் என்ன என்று சில ஊர் ஜமாஅத்துகள் எண்ணத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி. தேர்ந்த காரீ ஒருவர் வாரம் இருமுறை திரையில் தோன்றி ஓதிக்காட்டுகிறார், பிள்ளைகள் கேட்கின்றனர். பிறகு உஸ்தாத் ஒவ்வொரு பிள்ளையாக ஓதவைத்துத் திருத்துகிறார். பெரிய ஸமாஃ தொலைவிலிருந்து வருகிறது. அர்ள் அருகில் நடக்கிறது. உஸ்தாத் தம் ஓதுதலையும் அந்தக் காரீயிடம் சரிபார்த்துக்கொள்ளலாம். அதில் இழிவொன்றும் இல்லை. மாலையில் அதே திரையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் பாடம் கேட்கலாம், பக்கத்தில் ஒரு பட்டதாரி இளைஞர் உட்கார்ந்திருந்தால். செலவு பெரிதன்று. உட்கார்ந்திருக்க ஆள் கிடைப்பதுதான் அரிது.

பதிவுகளைப் பற்றிய ஒரு பழைய செய்தி எஞ்சியிருக்கிறது. திருக்குர்ஆன் முழுவதையும் ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்று எகிப்தில் லபீப் ஸயீத் என்பவர் முனைந்து, காரீ மஹ்மூத் கலீல் ஹுஸரீ (ரஹ்) அவர்களின் குரலில் அப்பதிவு 1961-இல் வெளிவந்தது. தஜ்வீத் அறிந்தோர் மறைந்து வருகின்றனர், அவர்தம் ஓதுதல் அழியாமல் இருக்க வேண்டும் என்ற கவலையே அம்முயற்சிக்குத் தூண்டுகோல். உஸ்தாதுகளுக்கு உதவியாகவே அது எண்ணப்பட்டது. ஹுஸரீ (ரஹ்) அவர்கள் 1980-இல் மறைந்தார்கள். அவர்கள் குரலைக் கேட்டுத் தம் ஓதுதலைத் திருத்திக்கொண்ட நம்மவர் இன்றும் ஊர்தோறும் உள்ளனர். அவர்களில் பலர் அன்னாரைக் கண்டதுமில்லை, அன்னார் மறைந்த பின்னரே பிறந்தவர்களும் உண்டு. "யாரிடம் ஓதினாய்?" என்று அவர்களில் ஒருவரை நம் பெரியவர் கேட்டால், "ஹுஸரீ அவர்கள் ஓதக் கேட்டேன், எங்கள் பள்ளி ஹஸ்ரத்திடம் ஓதிக்காட்டினேன்" என்பார். இரண்டு வினைச்சொற்களையும் இடம் மாறாமல் அவர் சொல்லிவிட்டால், பெரியவர் மேற்கொண்டு ஏதும் கேட்கமாட்டார்.